யோக் லானின் வயிற்றைத் தொட்டவள்

ஸைத்தோன் மிஸ்ஸி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். மேடையேறியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவராம். எந்த நோயாளியிடமும் சிரித்த முகத்தோடு போவாராம். நான் கோழிக் காலைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருஷம் அவளோடு அதே பெண்கள் வார்டில் அட்டெண்டனாக நின்றவள் நான். அந்த வார்டில் அவளைப்போலப் பயந்த பெண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வந்த நாளிலும் பயந்தாள், போகிற நாளிலும் பயந்துகொண்டேதான் போனாள். நடுவில் ஒரு நாள் அவள் பயம் இடம் மாறியது, அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எங்கள் எல்லோருடைய வண்டவாளமும் தண்டவாளம் ஏறிவிடும். என்னுடையதும்தான்.

எண்பத்தாறாம் வருஷம் அவள் எங்கள் ஊரான புக்கிட் தெராத்தாய்க்கு வந்தாள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கெடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை. புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு எங்கள் ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பக்கத்தில் மிஸ்ஸி வேலை காலியாக இருந்த ஒரே இடம் எங்கள் மனநல ஆஸ்பத்திரி. ஆறு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்து வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற வழியெல்லாம் மாமியார், "அங்க வேலை பாக்குறவங்களுக்கும் ஒட்டிக்கும்மா, பாத்துக்க" என்று ஓதிக்கொண்டே வந்தாளாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் வந்து நின்றாள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், சட்டைப்பையில் கத்தரிக்கோல், நெஞ்சில் ஊசி குத்தித் தொங்கவிட்ட கடிகாரம், தொப்பியில் நாலு கொண்டை ஊசி. எங்கள் வார்டு சிஸ்டர் தியோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். குட்டையான சீனப் பெண்மணி. சிரிக்காமலே கிண்டல் செய்வாள்.

"உனக்கு உசிரு மேல ஆசை இல்லையா? கழுத்துல நீயே கயிறு மாட்டிக்கிட்டு வந்திருக்கியே. கழட்டு எல்லாத்தையும்."

ஒவ்வொன்றாகக் கழற்றி மேசை மேல் வைத்தாள். அப்புறம் சிஸ்டர் பாடம் நடத்தினாள். சுவரில் முதுகைச் சாய்த்து நில். கதவுக்கும் உனக்கும் நடுவில் யாரையும் விடாதே. மாத்திரை கொடுத்தால் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார். சாப்பாடு முடிந்ததும் கரண்டியை எண்ணு. ஒரு ஷிஃப்டுக்கு மூன்று தடவை தலையை எண்ணு. ஸைத்தோன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண் மட்டும் சிஸ்டரின் தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அங்கே நாற்பத்திரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, யாருமே படுத்திருக்க மாட்டாங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் மிஸ்ஸி, ஓடியாடி இருந்தா நல்லதுதானே?"

"எனக்குப் படுத்திருக்கிற நோயாளிதான் பழக்கம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திதான் யோக் லான். அப்போது ஐம்பது வயதிருக்கும். பதின்மூன்று வயதிலிருந்து ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, மரத்தட்டில் ஈய மண் அலசியவள். கை இரண்டும் உலக்கை. எங்கள் வார்டில் பதினோரு வருஷமாக இருந்தாள். லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்துக் கங்காணி, திருடின ஈய மண்ணை மூட்டையாகக் கட்டி அவள் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டான் என்பது அவள் நம்பிக்கை. ஒருநாள் முதலாளியின் ஆள் வந்து வயிற்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போவானாம். அதனால் அந்த வயிற்றை யாரும் தொடக்கூடாது. குளிக்கும்போது சோப்பைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பி நின்றுகொள்வோம். வார்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கும்: 'குவான் யோக் லான். வயிற்றைத் தொடாதே.' மற்றபடி நல்ல மனுஷி. துணி மடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காலையும் சாயங்காலமும் கறுப்புக் கோப்பி ஒரு குவளை கொடுத்துவிட்டால் அன்றைக்கு வம்பே இல்லை.

ஸைத்தோன் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் இல்லை, படித்திருந்தாள். ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம் ஆறு வாரத்தில் போகுமா? மூன்றாம் நாள் காலை, தன்னை அறியாமலே ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சிஸ்டர் தியோ அன்று விடுப்பு. யோக் லான் அவளிடம் போய், "மிஸ்ஸி, கனக்குது. உள்ள வச்சுத் தைச்சுட்டான்" என்றாள். தைத்துவிட்டான் என்ற சொல் காதில் விழுந்ததும் ஸைத்தோனின் கை தானாக வேலை செய்தது. தையல் என்றால் தழும்பு எங்கே என்று பார்ப்பதுதானே அவள் வழக்கம். குனிந்து சட்டையைத் தூக்கினாள்.

நான் அந்தப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், யோக் லான் ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை ஸைத்தோன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஸைத்தோனின் முகம் நீலமாகிவிட்டது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தோம். தரையில் விழுந்தவள் மூச்சு வாங்கினாள், வாந்தி எடுத்தாள், பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாளே மாற்றல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். சிஸ்டர் தியோ அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

"மூணு மாசம் முடியட்டும். அப்பவும் போகணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன். மூணு மாசத்துக்கு முன்னாடி மேல உள்ளவங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

அந்த மூன்று மாதத்தை அவள் எப்படி ஓட்டினாள் என்று எனக்குத்தான் தெரியும். தினமும் வேலைக்கு நுழையுமுன் கக்கூசுக்குப் போய் வாந்தி எடுப்பாள். கழுத்துச் சிவப்பு மறையும்வரை துணி சுற்றிக்கொண்டு வந்தாள். மாத்திரைத் தட்டைத் தூக்கினால் கிண்ணங்கள் கிடுகிடுவென்று ஆடும். பின்னால் யாராவது இருமினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். யோக் லானிடம் பேச வேண்டியிருந்தால் மூன்று கட்டில் தள்ளி நின்று பேசுவாள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பழகிய ஆட்களுக்குப் புது ஆளின் பயம் ஒரு பொழுதுபோக்கு. "மிஸ்ஸி, பயப்படாதீங்க, கடிச்சாலும் ஊசி இருக்கு" என்று நானே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம்போல இருக்கிறது.

மூன்று மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அதற்கு முந்தின வாரம் டாக்டர் யோக் லானின் மாத்திரையைக் கூட்டியிருந்தார். திங்கட்கிழமை காலையிலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸ்ஸி, மூட்டை கனக்குது. இன்னைக்கு ரொம்பக் கனக்குது."

ஸைத்தோன் மூன்று கட்டில் தள்ளி நின்று, "சரி, சரி, போய் உக்காரு" என்றாள். பாடத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அவர்கள் நம்பிக்கையை ஒப்புக்கொள்ளவும் கூடாது, எதிர்த்துப் பேசவும் கூடாது. பிறகு யோக் லானின் கோப்பில் எழுதினாள்: 'வயிறு பற்றி வழக்கமான புகார். மாற்றம் இல்லை.' கீழே கையெழுத்து. செவ்வாய்க்கிழமையும் அதே புகார், அதே வரி, அதே கையெழுத்து. அதற்கு முந்தின பக்கங்களைப் புரட்டினாலும் பதினோரு வருஷமாக இதே வரிதான் வேறு வேறு கையெழுத்தில் இருக்கும்.

நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் யோக் லான் கக்கூசுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். குனிந்தே நடந்தாள். கோப்பியைத் தொடவில்லை. படுக்கை விரிப்பிலும் கைலியிலும் அங்கங்கே ஈரம். "ஐம்பது வயசாகுது, குழந்தையாட்டம் நனைக்கிற?" என்று நான் திட்டினேன். அவள் விரிப்பை உருவி மடித்துக் கொடுத்தாள். ஈரத் துணியைக்கூட ஓரம் பிசகாமல் மடித்திருந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் உடைந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்தாள், சுவரில் தலையை மோதினாள், "எடுத்துடு, எடுத்துடு" என்று அலறினாள். பதினோரு வருஷமாக எடுக்காதே, எடுக்காதே என்றவள் இன்று எடுத்துவிடு என்கிறாள். அது யார் காதிலும் ஏறவில்லை. நாலு பேர் பிடித்தோம், தூக்க ஊசி போட்டோம், தனியறைக்குள் படுக்க வைத்துப் பூட்டினோம். கொஞ்ச நேரம் கத்தினாள். அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

ஸைத்தோன் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசியாறலையா மிஸ்ஸி?"

"அக்கா, சத்தம் நின்னுருச்சு."

"நின்னா நல்லதுதானே? காது குளிர்ந்துச்சுன்னு சாப்பிடுங்க."

"இல்லக்கா. அங்க சர்ஜிக்கல் வார்டுல கத்துறவங்களைப் பத்தி நாங்க கவலைப்பட மாட்டோம். கத்திக்கிட்டிருந்தவங்க நிறுத்தினாத்தான் ஓடுவோம்." பொட்டலத்தை மூடினாள். "ரெண்டு நாளா அவ ஒண்ணுக்குப் போனாளா?"

"போகாம என்ன? விரிப்பெல்லாம் ஈரம். துவைக்கிறவ நான்தானே."

"ஈரம்னா எவ்வளவு? நிறையவா?"

"அதெல்லாம் இல்ல. உள்ளங்கை அகலம், அங்கொண்ணு இங்கொண்ணு."

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. "யா அல்லா" என்றாள். "துளித்துளியா ஒழுகினா மூத்திரப்பை நிறைஞ்சு வழியுதுன்னு அர்த்தம் அக்கா. மாத்திரை அடைச்சிருக்கும். நாம போட்ட ஊசி இன்னும் இறுக்கியிருக்கும்."

நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். அந்த விரிப்புகளைத் திட்டிக்கொண்டே அலசியவள் நான்.

இருவரும் சிஸ்டர் தியோவிடம் ஓடினோம். அவள் கேட்டாள், உடனே போனை எடுத்தாள். டாக்டர் ஆண்கள் பகுதியில் யாருக்கோ தையல் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவாராம். அப்போது மணி ஒன்று.

"காத்திருக்கலாம்" என்றாள் சிஸ்டர். "பதினோரு வருஷமா வயிறு வயிறுன்னுதான் சொல்றா."

"தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும் சிஸ்டர்."

சிஸ்டர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது. "இது நான் தொட்டுப் பாத்தப்ப ஆனது. உன் கழுத்து உனக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஆசை. விட்டுத்தொலை, மூன்று மணிக்கு டாக்டர் வருவார், பன்னிரண்டு நாளில் நீ கெடாவுக்கோ எங்கோ போய்விடுவாய். அவள் தனியறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். சாவி என் இடுப்பில் இருந்தது. நானும் போக வேண்டியதாயிற்று.

கதவுத் துவாரத்தில் பார்த்தோம். யோக் லான் முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை. கண் திறந்திருந்தது.

"தெறங்க அக்கா."

"மிஸ்ஸி, உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"தெறங்க. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள தெறந்துடுங்க."

திறந்தேன். அவள் பேனாவையும் கடிகாரத்தையும் தொப்பியையும் என் கையில் கொடுத்தாள். பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். சுவரில் முதுகைச் சாய்க்கவில்லை, கதவுப் பக்கமும் நிற்கவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முதுகு நடுங்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. யோக் லான் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"திருட வந்தியா?"

"இல்ல ஆ சோ" என்றாள் ஸைத்தோன். சீன அக்காமார்களைக் கடைத்தெருவில் மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். எங்கள் வார்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் உங்களைத் தொட மாட்டேன். எனக்கு உங்களைப் பாத்தா பயம். ரொம்பப் பயம். அன்னைக்கு நீங்க என்னைக் கொல்லப் பாத்தீங்க."

"நீ திருட வந்த."

"வலிக்குதுன்னு சொன்னீங்களேன்னு பாக்க வந்தேன். கேக்காமத் தூக்கினது என் தப்பு. இன்னைக்கு நீங்களே என் கையைப் பிடிங்க. எங்க வலிக்குதோ அங்க நீங்களே கொண்டுபோய் வைங்க. வேணாம்னா தள்ளி விட்ருங்க."

வலது கையை நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யோக் லான் அந்தக் கையை உற்றுப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், விரலிடுக்கில் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பற்றினாள். ஈய மண் தட்டு பிடித்த பிடி. ஸைத்தோன் "ஸ்ஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள், கையை இழுக்கவில்லை. யோக் லான் அந்தக் கையைக் கொண்டுபோய்த் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

"தனம் அக்கா" என்றாள் ஸைத்தோன், கண்ணைத் திறக்காமலே. "தொப்புளுக்கு மேல வந்துருச்சு. கல்லா இருக்கு. மூத்திரம் எடுக்கிற குழாய் வேணும். ஓடுங்க."

ஓடினேன். எங்கள் வார்டில் அந்தச் சாமான் எதற்கு இருக்கப் போகிறது? உடம்பு நோய்க்காரர்களை வைக்கிற கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். உச்சி வெயில். அங்கே இருந்தவன், சீட்டு எங்கே, யார் கையெழுத்து என்று சட்டம் பேசினான். "சீட்டு நாளைக்குத் தரேன், அவ செத்தா அதுலயும் உன்னையே கையெழுத்துப் போட வைக்கிறேன்" என்றேன். கொடுத்துவிட்டான்.

நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் தியோ உள்ளே இருந்தாள். குழாய் வைக்க ஸைத்தோனுக்கு இரண்டு கையும் வேண்டும். யோக் லானோ பிடித்த மணிக்கட்டை விடுவதாக இல்லை. சிஸ்டர் பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கோணல் விரல் இருந்த அதே கையை நீட்டினாள். "இந்தா, இதைப் பிடி. இந்தத் தடவை உடைக்காத. டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அதற்கப்புறம் ஸைத்தோனின் கை நடுங்கவில்லை. அந்த வேலை அவள் கைக்குத் தெரியும். பழுப்பும் சிவப்புமாக வந்தது. கொஞ்சம் வந்ததும் நிறுத்தினாள், மறுபடி விட்டாள், மறுபடி நிறுத்தினாள். ஒரேயடியாக வடித்தால் ஆபத்தாம். ஆயிரத்து எழுநூறு மில்லி. நான்தான் அளந்தேன்.

யோக் லானின் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. "மூட்டையை எடுத்துட்டியா?" என்றாள்.

"இல்ல ஆ சோ. தண்ணி மட்டுந்தான்."

அவள் தன் கையால் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "இருக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். காய்ச்சல் ஏறியிருந்தது, ரத்தமும் கலந்து வந்தது. சிறுநீரகம் அடிபட்டிருக்கலாம், பொது ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்கள் என்றார். ஸைத்தோனும் நானும் ஆம்புலன்ஸில் ஏறினோம். கோப்பு என் மடியில், யோக் லானின் தலை ஸைத்தோனின் மடியில். வழியெல்லாம் ஸைத்தோன் பேசிக்கொண்டே வந்தாள்.

"அங்க போயிட்டா பயமில்லக்கா. அங்க எல்லாருக்கும் இது தெரியும். கண்ணை மூடிக்கிட்டுப் பாப்பாங்க. எங்க ஆளுங்க."

வார்டுக்குள் நுழைந்ததும் மருந்து வாடையை இழுத்து மோந்தாள். சொந்த வீட்டுக்கு வந்தவள்போல அவள் தோள் இறங்கியது. மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் நிமிர்ந்து நடந்து பார்த்தேன்.

கட்டிலைக் கடைக்கோடியில், கக்கூஸ் ஓரமாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் சொந்தக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இளம் மிஸ்ஸி ஒருத்தி வந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது கடிக்குமா?"

"அவங்க கடிக்க மாட்டாங்க" என்றாள் ஸைத்தோன். "நான் கடிப்பேன்."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஸைத்தோன் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். எவ்வளவு வடிந்தது, எப்போது குழாய் வைத்தது, வயிற்றை எப்படித் தொட வேண்டும், கையை அவளிடம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். அதற்குள் இரண்டு பேர் கட்டுத்துணியோடு வந்து, கையைக் கட்டிலோடு கட்டிவிடட்டுமா என்று கேட்டார்கள். ஸைத்தோன் விரட்டிவிட்டாள்.

ஐந்து மணி ஆனது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஆரன் அடித்தான். நாங்கள் கிளம்பும்போது யோக் லான் முனகினாள்.

"கனக்குது மிஸ்ஸி."

ஸைத்தோன் குனிந்து கட்டிலுக்குக் கீழே தொங்கிய, மூத்திரம் வடிகிற பையைப் பார்த்தாள். வந்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருந்தது. ஒரு சொட்டு ஏறவில்லை.

"தங்கச்சி, பை ஏறலையே. ரத்தக்கட்டி அடைச்சிருக்கும். வயித்தைப் பாத்தியா?"

அந்தப் பெண் கால்மாட்டிலிருந்து அசையவில்லை. "அது வழக்கமாச் சொல்றதுதானே அக்கா. ஃபைல்லயே இருக்கே."

"என்ன இருக்கு?"

அவள் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். விரல் வைத்து வாசித்தாள். "'வயிறு பற்றி வழக்கமான புகார். மாற்றம் இல்லை.' திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமையும் அதேதான். அதைப் பாத்துத்தான் நானும் எழுதினேன். அங்கேயே இருக்கிற மிஸ்ஸி பாக்காமலா எழுதுவாங்க? இது யாரு கையெழுத்து அக்கா?"

அந்த நேரத்தில் ஸைத்தோன் முகத்தில் பார்த்த பயம், அவள் கழுத்தில் குழாய் இறுகினபோதுகூட நான் பார்க்காதது. நான் கோப்பைப் பிடுங்கி மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"என்னோடது" என்றாள்.

பேனாவை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கினாள். நின்றபடியே அந்த இரண்டு கையெழுத்துக்கும் கீழே எழுதினாள். எழுதி முடித்து மறுபடி கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் குனிந்து வாசித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். 'இந்த இரண்டு நாளும் நான் நோயாளியைத் தொடவில்லை. பயமாக இருந்தது. மூன்று கட்டில் தள்ளி நின்று எழுதினேன்.'

வெளியே டிரைவர் மறுபடி ஆரன் அடித்தான். அந்தப் பெண் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பக்கத்து மேசையில் வைத்தாள். கால்மாட்டிலிருந்து சுற்றிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் வந்தாள். கையை நீட்டினாள். அந்தக் கை கிடுகிடுவென்று ஆடியது. யோக் லான் முதலில் ஸைத்தோனைப் பார்த்தாள், பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், பிறகு மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, பயமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் ஸைத்தோன். "கையை மட்டும் எடுத்துடாத."